பதினேழு வெள்ளைக் கவுன்கள்

“அதெல்லாம் இருக்கட்டும்மா, பொண்ணு எங்க? நான் பொண்ணத்தான வரச் சொன்னேன்?”

“அவளால வர முடியலைய்யா.”

“ஏன் முடியாது? பெங்களூரு இன்னா துபாய்லயா கீது? பஸ் ஏறிக் கண்ண மூடுனா காலைல கோயம்பேடு. ஒம்போது மாசமா உன்ன போன்ல பேச வுட்டுட்டு அம்மணி அங்க ஜாலியா குந்தினுகீறா. பாய் செம காண்டுல கீறாருன்னு போய்ச் சொல்லு.”

காண்டில் இருக்கிறவர் முகமாக அது இல்லை. லியாகத் அலி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டீ கிளாஸை எதிரே இருந்த தேவகிருபையின் பக்கம் நகர்த்தி வைத்தார். தண்டையார்பேட்டையில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் மழைநாளின் ஈரமும் பழைய ஃபைல்களின் வாசனையும், காற்று திரும்பும்போதெல்லாம் மணலிப் பக்கமிருந்து வரும் கேஸ் நாற்றமும் கலந்து கிடந்தன. அவர் படித்துப் பட்டம் வாங்கிய ஆடிட்டர் இல்லை. வரிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பவர். ஆனாலும் வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை ஆன்லைனில் நைட்டி விற்பவர்களுக்கும் செருப்பு விற்பவர்களுக்கும் கருவாடு விற்பவர்களுக்கும் அவர்தான் ஆடிட்டர் பாய். தேவகிருபை அவரை இதுவரை ஒரு குரலாக மட்டுமே அறிந்திருந்தாள். குரலை வைத்து உயரமான, தடித்த ஒரு மனிதரை மனதில் வைத்திருந்தாள். எதிரே இருந்தவர் ஒல்லியாக, குளிருக்குக் கழுத்தில் துண்டு சுற்றி, பள்ளிக்கூட வாத்தியார் போல இருந்தார்.

மகள் மகிமா பெங்களூரில் இல்லை. பத்து மாதத்துக்கு முன்னால், போகியன்று காலை, ஊரே டயரும் பழம்பாயும் கொளுத்திய புகையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நேரத்தில், எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று அவளுடைய ஸ்கூட்டரை அடித்துப் போட்டது. காலை ஏழேகால் என்று போலீஸ் காகிதத்தில் இருந்தது. இப்போது அவள் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில், மதிலோரம் வேப்பமரத்துக்கு இரண்டு வரிசை தள்ளி இருந்தாள். இது ராயபுரத்தில் அவர்கள் தெருவுக்குத் தெரியும், சபைக்குத் தெரியும், தெற்கே நாசரேத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். இந்த உலகத்தில் லியாகத் அலி ஒருவருக்குத்தான் தெரியாது. தெரியாமல் வைத்திருந்தது தேவகிருபை.

அதை அவள் திட்டம் போட்டுச் செய்யவில்லை. பிப்ரவரியில் ஒரு முற்பகல், பீரோவுக்குள் துணிக்கடியில் வைத்திருந்த மகிமாவின் போன் அடித்தது. அதற்கு முந்தைய நாலு வாரமும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் மகிமாவைப் பற்றி ‘இருந்தாள்’ என்றே பேசினார்கள். பாஸ்டர் பேசினார், அத்தைமார் பேசினார்கள், அழுதார்கள். போனை எடுத்தால் ஒரு ஆண் குரல், “இன்னா மகிமாம்மா, ஜனவரிக் கணக்கு இன்னா ஆச்சு? தேதி பதினொண்ணு ஆயிடுச்சு, தூங்கினுகீறியா?” என்று கேட்டது. எங்கேயோ ஒரு இடத்தில் மகள் இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று தேவகிருபைக்குத் தோன்றியது. வாயைத் திறந்தபோது அவளுக்கே தெரியாமல் வேறு வார்த்தைகள் வந்தன. “அவ அம்மா பேசுதேன். அவளுக்கு பெங்களூருல வேலை கெடச்சுப் போயிருக்கா. போன இங்கயே வச்சிட்டுப் போயிட்டா. யாவாரம் ஒண்ணும் இல்லையே.” “ஒண்ணுமே விக்கலியா?” “ஒண்ணுமில்ல.” “சரி, அப்ப ஒண்ணுமில்லன்னு நில் ரிட்டர்ன் போட்டுர்றேன். ஓடிபி வரும், சொல்லும்மா.” வந்தது. ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, சபையில் வாசிக்கப்போகும் சங்கீதத்தின் எண்ணைச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். சற்று நேரத்தில் மகிமாவின் பெயரைப் போட்டு, உங்கள் கணக்கு பெறப்பட்டது என்று ஒரு செய்தி வந்தது.

இந்தக் கணக்கைப் பற்றி மகிமா ஒருமுறை விளக்கியிருந்தாள். மடியில் வெள்ளைச் சாட்டின் துணியைப் போட்டு லேஸ் வைத்துக்கொண்டே சொன்னாள்: “ஆன்லைன்ல விக்கணும்னா ஜி.எஸ்.டி. நம்பர் வேணும்மா. வாங்கிட்டா வித்தாலும் விக்காட்டியும் மாசாமாசம் கணக்கு சொல்லணும். ஒண்ணும் விக்கலைன்னா ஒண்ணும் விக்கலைன்னாவது சொல்லணும்.” தேவகிருபை அதை ஞாயிறு பள்ளியில் பெயர் கூப்பிடுவது போலப் புரிந்துகொண்டாள். கூப்பிடும்போது உள்ளேன் என்று சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே இருக்கிறவரை பெயரை அடிக்க மாட்டார்கள். பிப்ரவரிக்கு மார்ச்சில் சொன்னாள். மார்ச்சுக்கு ஏப்ரலில் சொன்னாள். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை அந்த போனுக்கு ரீசார்ஜ் செய்தாள். காசிமேட்டில் வலையும் கயிறும் விற்கிற அவள் புருஷன் தவசிமுத்து, “செத்த பிள்ளைக்கு எதுக்குட்டி நெட்டு?” என்று ஒருநாள் கேட்டுவிட்டு, கேட்டதற்காக அன்று முழுக்கக் கடையிலேயே இருந்துவிட்டார். மாதம் ஒருமுறை பாய் போன் செய்வார். நில் போட்டு முடித்ததும், “பொண்ணு நல்லாக்கீதா? நான் கேட்டேன்னு சொல்லும்மா” என்பார். “சொல்லுதேன்” என்பாள். மாதத்தில் அந்த ஐந்து நிமிடம் அவளுக்கு வேண்டியிருந்தது.

இன்று காலை தவசிமுத்து இறப்புச் சான்றிதழின் நகலை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அவள் கைப்பைக்குள் வைத்தார். “இன்னைக்காவது சொல்லிட்டு வந்துரு, கிருபை” என்றார். நீ, வா, போ என்று அழைக்கிறவர், பெயர் சொல்லி அழைத்ததால் அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தாள், சொல்லக் கூடாதென்று. சொன்னால் பெயரை அடித்துவிடுவார்கள்.

“இங்க பாரும்மா.” லியாகத் அலி கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். “உன் பொண்ணுக்கு நோட்டீஸ் வந்துகீது. ஒரு பீஸு வித்தா, அந்த ஆன்லைன் கம்பெனிக்காரன் அதுல துளியூண்டு வரி புடிச்சிக்கினு, இன்னார் வித்தாங்கன்னு உன் பொண்ணு நம்பரப் போட்டு கவர்ன்மென்ட்டுக்குக் கட்டிருவான். ஜனவரில பதினேழு பீஸு வித்ததா அவன் காட்டிகிறான். நாம இன்னா போட்டோம்? ஒண்ணுமில்லன்னு. ரெண்டும் இடிக்குதா இல்லியா?”

“பதினேழா?”

“பதினேழு. நீ ஒண்ணுமில்லன்ன, நானும் வேல நெருக்கடில தொறந்து பாக்காம அப்டியே போட்டுட்டேன். தப்பு எம்மேலயும் கீது. பயப்படாத, பெரிய தொகை ஒண்ணும் இல்ல. ஆனா ஆபீசர் கேள்வி கேட்டுகிறார். பார்ட்டி இல்லாம நான் இன்னா பதில் சொல்றது? அதுக்குத்தான் அவள வரச் சொன்னேன். பாஸ்வேர்டு எங்கிட்ட கீது, கம்பெனி லிஸ்ட்ட இறக்கி வச்சிகிறேன். நீயாவது பாத்து இதெல்லாம் உங்க சரக்குதானான்னு சொல்லு.”

அச்சடித்த தாளை நீட்டினார். தேவகிருபை கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வரிசை வரிசையாகச் சின்ன எழுத்துகள். தேதி, ஊர், அளவு. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர்களை எழுத்துக் கூட்டி வாசிக்க அவளால் முடியும். ஜனவரி இரண்டு, மங்களூரு, ஆறு மாதக் குழந்தை. ஜனவரி மூன்று, நாகர்கோவில், மூன்று மாதம். ஜனவரி நான்கு, ஐஸ்வால். அந்த ஊரின் பெயரைப் பார்த்ததும் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்த மகிமா நிமிர்ந்து, “எம்மா, இது எங்க இருக்குன்னு தெரியுமா? பர்மாவுக்குப் பக்கத்துலம்மா. நாம பெரம்பூரத் தாண்டல, நம்ம கவுன் பர்மாவுக்குப் போவுது” என்று சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. சிரிக்கும்போது அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்தாள். விழுங்கிடாத சனியனே என்று இவள் கத்தினாள். அது ஜனவரி நான்கு. அதற்குச் சாட்சியாக இங்கே ஒரு வரி இருந்தது.

குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது போடுகிற வெள்ளைக் கவுன்கள் அவை. மகிமா வெட்டுவாள், தேவகிருபை தைப்பாள், லேஸும் முத்தும் மகிமா வைப்பாள். இறந்தபின் தேவகிருபை அந்த மாதத்தையே மூடிவிட்டாள். ஜனவரி என்றால் புகை, ஆஸ்பத்திரிப் பிணவறை, நனைந்த துணியால் மூடிய முகம். அதற்கு முன்னால் அதே மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் இருந்தன என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ‘ஒண்ணுமில்ல’ என்று அவள்தான் சொன்னாள். அந்தப் பன்னிரண்டு நாளும் பிள்ளை விழுந்து விழுந்து வேலை செய்திருக்கிறாள். பெற்றவள் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். யாரோ முன்பின் தெரியாத கம்பெனிக்காரன் பதினேழு என்று எண்ணி வைத்திருக்கிறான்.

விரலை வரிவரியாகக் கீழே இறக்கினாள். கடைசி வரியில் விரல் நின்றது. ஜனவரி பன்னிரண்டு, கோட்டயம், இரண்டு கவுன்.

அது ஞாயிற்றுக்கிழமை. இரட்டைக் குழந்தைகளுக்கு அவசர ஆர்டர். தேவகிருபை ஓய்வுநாளில் ஊசியைத் தொடமாட்டாள். அவள் அம்மாவும் தொட்டதில்லை. அன்று மகிமா ஆராதனைக்கு வரவில்லை. கோயிலிலிருந்து திரும்பி வந்தவள் மெஷின் சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்று திட்டினாள். “எம்மா, ஓரம் மட்டும் அடிச்சுக் குடும்மா. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள திருவொற்றியூர் கூரியர் ஆபீஸ்ல கொண்டு போட்டுருவேன். இல்லைன்னா நாளைக்கு விடியக் காத்தால ஓடணும்” என்று மகிமா கெஞ்சினாள். “கர்த்தருடைய நாள்ல தைச்ச துணியில எந்தப் பிள்ளைக்கும் ஆசீர்வாதம் வராது” என்றாள் இவள். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மகிமாவே தட்டுத் தடுமாறி ஓரம் அடித்து முடித்தபோது மணி எட்டாகிவிட்டது. திங்கட்கிழமை புகைக்குள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள்.

இதை தேவகிருபை யாரிடமும் சொன்னதில்லை. தவசிமுத்துவிடம்கூட. அந்த இரண்டு பார்சலும் என்ன ஆயின என்று மட்டும் அவரை ஸ்டேஷனுக்கு இரண்டுமுறை அனுப்பிக் கேட்கச் சொன்னாள். ஸ்கூட்டர் இருந்தது, செருப்பு ஒன்று இருந்தது, பார்சல் எதுவும் இல்லை என்றார்கள். அப்படியானால் ரோட்டில் சிதறி, அடுத்தடுத்து வந்த கன்டெய்னர்களின் சக்கரத்தில் போய்விட்டது என்று அவளாக முடிவு செய்துகொண்டாள். எந்தப் பக்கமாகப் போனபோது அடித்தது என்று யாரையும் கேட்கவில்லை. போகும்போதுதான் என்று மனதில் பதிந்திருந்தது. கனவில் எப்போதும் அந்தச் சின்ன வெள்ளைக் கவுன்கள் இரண்டும் கரிப்பிடித்த தாரில் கை விரித்துக் கிடக்கும்.

“இந்தக் கடைசி வரி தப்புய்யா” என்றாள். “இது போய்ச் சேரல.”

“யார் சொன்னது?” அவர் கண்ணாடியை இறக்கித் தாளை வாங்கினார். “கோட்டயம், ரெண்டு பீஸு. இந்தா, பக்கத்துலயே கீது பாரு. பதிமூணாந் தேதி காலைல ஆறு அம்பதுக்கு திருவொற்றியூர் ஆபீஸ்ல சரக்கக் குடுத்தாச்சு. பதினெட்டாந் தேதி கஸ்டமர் கைல டெலிவரி. போய்ச் சேந்து, அந்தப் புள்ளைங்க போட்டு, இந்நேரம் பத்தாமக்கூடப் போயிருக்கும்.”

“ஆறு அம்பதா?”

“ஆறு அம்பது. ஏன்?”

கீழே தெருவில் ஒரு லாரி மழைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்து அடங்கின. ஆறு ஐம்பது. ஏழேகால். நடுவில் இருபத்தைந்து நிமிடம். கொடுத்து முடித்திருக்கிறாள். கொடுத்துவிட்டு ஒருவேளை அங்கேயே எங்கேயாவது நின்று ஒரு டீ குடித்திருப்பாள். அவளுக்கு ரோட்டோர டீ என்றால் உயிர். அதற்குப் பிறகு, கை வெறுமையாக, வேலை முடிந்த ஆளாக, வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்திருக்கிறாள்.

“அவ பெங்களூருல இல்லைய்யா” என்றாள் தேவகிருபை.

“பின்ன?”

கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் அதைப் பிரித்தார். படித்தார். திரும்பவும் முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தார். அவர் உதடுகள் அசைந்தன. அரபியில் ஏதோ சொல்கிறார் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

“ஒம்போது மாசமா” என்றார் கடைசியில். “ஒம்போது மாசமா நான் கேட்டுக்கினு இருந்தேனேம்மா, நல்லாக்கீதான்னு.”

“நீங்க கேக்கணும்னுதான்யா சொல்லல.”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆறிப்போன டீயைப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் ஜன்னலிலிருந்து கீழே குனிந்து இரண்டு டீ என்று சைகை காட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. அதுவரை ‘நீ’ என்று பேசியவர் ‘நீங்க’ என்றார்.

“ஒரு தபா சொல்லிருந்தீங்கன்னா நான் நில் போட்டிருக்க மாட்டேன். இறந்தவங்க பேர்ல கணக்குப் போடக் கூடாது. இப்ப ஆபீசர் கண்ணுல வேற பட்டாச்சு. நம்பர மூடித்தான் ஆவணும். இது என் கைல இல்ல.”

“தெரியும்யா.” அவள் தாளில் அந்தக் கடைசி வரியைத் தடவினாள். “மூடுறதுக்கு முன்னால ஜனவரியத் திருத்துங்க. ஒண்ணுமில்லைன்னு சொன்னது நாந்தான். பதினேழுன்னு எழுதிருங்க.”

“போட்டதத் திருத்த வுட மாட்டான்மா. ஜனவரி ஜனவரிதான். விட்டுப்போனத அடுத்த கணக்குல சேத்துக் காட்டலாம், அதுக்கும் இந்த மாசம்தான் கெடு. போன மாசக் கணக்கு இன்னும் பாக்கி கீது, கடைசியா அதுல ஏத்திடுறேன். வரியக் கட்டிட்டா நோட்டீஸுக்கும் பதில் சொல்லிடலாம்.”

அவள் தாளிலிருந்து விரலை எடுத்தாள். “அப்ப போன மாசம் மகிமா பதினேழு கவுன் வித்தான்னு ஆவுமா?”

லியாகத் அலி அவளைப் பார்த்தார். “காயிதத்துல… ஆமா. அப்டித்தான் ஆவும்.”

“அக்டோபருல.”

“அக்டோபர்ல.”

“எழுதுங்க” என்றாள்.

அவர் தட்டச்சு செய்தார். மேசையில் வைத்திருந்த மகிமாவின் போன் அதிர்ந்தது. ஓடிபி வந்தது. அவர் கேட்பதற்கு முன்பே தேவகிருபை ஆறு எண்களையும் சத்தமாக, ஏறக்குறைய பெருமையாகச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மகிமாவின் பெயரைப் போட்டு, கணக்கு பெறப்பட்டது என்று செய்தி வந்தது. முதல்முறையாக அது பொய் இல்லை என்று அவளுக்குப் பட்டது. போன மாதம் மழை தொடங்கிய சமயத்தில், அவள் கல்லறைக்கு மெழுகுவர்த்தி வாங்கப் போன நாளில், மகிமா எங்கேயோ உட்கார்ந்து பதினேழு கவுன் விற்றிருந்தாள்.

டீ வந்தது. இருவரும் குடித்தார்கள். பிறகு அவர் வேறொரு பக்கத்தைத் திறந்தார். நம்பரை மூடுவதற்கான காரணம் என்று ஒரு பட்டியல் கீழிறங்கியது. வியாபாரத்தை நிறுத்திவிட்டேன், இடம் மாறிவிட்டது, பங்குதாரர் சேர்ந்தார் என்று என்னென்னவோ. எல்லாவற்றையும் தாண்டி அம்புக்குறியை ஒரு வரியில் கொண்டுபோய் நிறுத்தினார். அது என்ன வரி என்று அவர் வாசித்துக் காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. சான்றிதழை ஸ்கேன் செய்தார். வாரிசு என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினார்.

“மொறையா ஆபீஸ்ல மனு குடுத்து உங்க போன் நம்பருக்கு மாத்திக்கினு அப்பறமும் செய்யலாம். அதுக்கு அலையணும், உங்களால முடியாது. இந்த போன் உசுரோட கீறப்பவே முடிச்சிட்டா நல்லது” என்றார். சொன்ன பிறகு அந்த வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாதவராக, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

போன் அதிர்ந்தது.

தேவகிருபை அதைக் கையில் எடுத்தாள். ஒரு மூலையில் கீறல் விழுந்த கண்ணாடி. அதன்மேல் எப்போதோ ஒட்டிய லேஸ் பசையின் ஒரு பொட்டு இன்னும் இருந்தது. அதற்குக் கீழே ஆறு எண்கள். மூன்றில் தொடங்கின. பத்து நிமிடத்துக்குத்தான் செல்லும் என்று மகிமா சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அந்த எண்களுக்கு ஒரு அர்த்தமும் இல்லை, வேறு கேட்டு வாங்க வேண்டும். வெளியே மழை வலுத்தது. பேட்டரிக் கடைக்காரன் தகரக் கதவைப் பாதி இறக்குகிற சத்தம் கேட்டது.

“வந்துச்சாம்மா?”

அவள் தலையை அசைத்தாள். லியாகத் அலி விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்துக் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. திரை மங்கத் தொடங்கியது. அணைந்துவிடாமல் இருக்க அவள் கட்டைவிரலால் அதைத் தொட்டாள். மறுபடியும் மங்கியது. மறுபடியும் தொட்டாள்.

“அந்த ஆறு நம்பர மட்டும் சொல்லுங்கம்மா” என்றார் அவர்.